சிப் கம்பெனிக்காக வாதாடிய ‘பிரேக்’

ஞாயிறு காலையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றியிருந்த நால்வரும் சேர்த்த பணத்தில் எந்தக் கம்பெனியின் பங்கை வாங்குவது என்பது அங்கேதான் முடிவாகும். தங்கை சின்னவளுக்கு எதிரே இருந்தவர் போன வாரம் அவளிடம், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய நாள் இன்று.

அக்காவின் கணவரான மாமாவோடு வங்கியில் வேலை பார்ப்பவர் அவர். எதை வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்பதால் மாமா அவருக்கு வைத்த பெயர் ‘பிரேக்’. ஆளை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால், தான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுமா என்பதுதான் தெரியவில்லை.

சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கருவிகளிலும் இறங்கப்போகிறதாம். பத்திரிகைகள் ஆகா ஓகோ என்றன. வாங்கலாம் என்றாள் அவள். அகலக்கால் என்றார் அவர்.

இந்த வீட்டில் ஒரு விதி உண்டு: வாங்கச் சொல்பவர் எதிர்த்துப் பேச வேண்டும், எதிர்ப்பவர் ஆதரித்து.

முதலில் அவள். நான்கு பத்திரிகைச் செய்திகளையும் அருகருகே வைத்துக் காட்டினாள். நான்கிலும் ஒரே வாக்கியங்கள், வரி பிசகாமல். கம்பெனி கொடுத்த அறிக்கையை அப்படியே போட்டிருக்கிறார்கள். கருவியை வாங்கப்போகிறவர் ஒருவரிடம்கூட யாரும் கேட்கவில்லை. பேசப் பேச அவளுக்கே சுருதி இறங்கியது.

“உன் கட்சிய நீயே கவுத்துட்டியேடி,” என்றாள் அக்கா.

அடுத்து பிரேக் தொண்டையைச் செருமினார்.

“ஹோட்டல்ல சமைக்கப் பத்து பேர் இருந்தாலும், பரிமாற ஒருத்தர்தான்னா எல்லாரும் பசியோடதான் உக்காரணும். சிப்பும் அப்படித்தான். எவ்வளவு வேகமா இருந்தாலும், தகவல் வந்து சேர்ற வரைக்கும் சும்மா காத்துக் கிடக்கும். அந்தத் தகவலக் கொண்டுவந்து பரிமாறுறதுதான் இந்த நெட்வொர்க் கருவி.”

சின்னவள் நிமிர்ந்தாள். அது அவள் சொன்னது! மாதங்களுக்கு முன் மாடிப்படியில் சொன்னபோது, அவர் குடையைத் தேடுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

வாங்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் மாமா. முதலில் உயர்ந்தது பிரேக்கின் கை. மாமா காபியை மடியில் கொட்டிக்கொள்ளப் பார்த்தார்.

சின்னவளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். “எனக்காகத் தூக்குறீங்களா?” என்று நேராகவே கேட்டாள்.

“உங்களுக்காகன்னா முழுப் பணத்தையும் போடச் சொல்லியிருப்பேன். பாதிதான் போடணும். நீங்க சொன்ன காரணமும் சரி, அந்தச் செய்திங்க மேல நீங்க சந்தேகப்பட்டதும் சரி. மீதிய, யாராவது நிஜமா அந்தக் கருவிய வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அவளுக்கு முகமெல்லாம் சிவந்தது. கையைத் தூக்கினாள்.

“பாதிப் பணம், சரி. போன வாரம் கேட்டீங்களே, அதுக்கும் சரி.”

பிரேக் தூக்கிய கையை இறக்கவே மறந்துபோனார்.

“போன வாரம் எந்தப் பங்க கேட்டாரு?” என்றார் மாமா.

அக்கா அதற்குள் எழுந்து வந்து தங்கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.