வெட்டு மூலை

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில், நாங்கள் பூக்கலப்பு செய்கிற வலைக்கூடத்தின் கதவில் அந்தத் தாளை ஒட்டியது கோட்டுக்காரர்தான். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கோடு பார்க்கிறவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. ஒட்டிவிட்டு, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஏ, பி, சி, டி, நாலு வரிசையும் தேறல. நாப்பத்தெட்டுல ஒம்பதுதான் கலப்பு. மிச்சத்தை நாளன்னிக்குப் பிடுங்கிடணும். டாக்டர் சொல்லிட்டாரு.”

அந்த நான்கு வரிசையும் என்னுடையவை.

“என்னுது?” என்று கேட்டாள் என் ஓர்ப்படி.

“நாப்பத்தேழுல நாப்பத்து மூணு.”

அவள் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த இடுக்கியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். “எழுத்தம்மாவுக்குப் பாவம், எழுதவே நேரம் பத்தல. பூவை எங்க பாக்கறது” என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். துணி காயப்போடும் கொடியில் ஆரம்பித்த சண்டைக்குப் பதினாறு வயது ஆகிறது. வீட்டில் பேச்சு இல்லை. இங்கே மட்டும் வேலைக்காகப் பேசிக்கொள்வோம், அதுவும் முள் வைத்து. இப்போது அந்த வேலைக்கும் வேட்டு வந்திருந்தது. அடுத்த பருவத்துக்கு வலைக்கூடத்தில் பூக்கலப்புக்கு ஒரே ஆள் போதும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். இன்னொரு ஆள் சேற்றில் களை எடுக்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். என் முழங்கால் சேற்றுக்கு ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நெல்லுக்கு டாக்டர்.

நாங்கள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். தாய் நெல்லின் கதிரில் ஒவ்வொரு பூவாக நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டாலும் அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே தானாகச் சூல்கொண்டுவிடும். பிறகு தாள் உறையை மாட்டி, மறுநாள் தகப்பன் நெல்லின் கதிரைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். எங்கள் தகப்பன் நெல் பார்க்க லட்சணமாக இருக்காது. குட்டை மணி, சவலைக் கதிர். ஆனால் பத்து நாள் வெள்ளத்தில் முங்கிக் கிடந்தாலும் அழுகாது. அந்தக் குணம் நன்றாக விளைகிற தாய்க்கு வர வேண்டும் என்பதுதான் இத்தனை பாடும்.

வந்ததா என்று பார்க்க வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்றாக இருக்கும்போதே இலையில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தால், கோட்டுக்காரர் அதை அரைத்து, என்னென்னவோ ஊற்றி, ஒளியில் வைத்துப் படம் எடுத்துவிடுவார். அந்தக் குணத்தை ஒட்டியே இருக்கும் ஓர் அடையாளம் படத்தில் கோடாகத் தெரியும். தாய்க்குக் கீழே ஒரு கோடு, தகப்பனுக்கு மேலே ஒரு கோடு. கலப்புப் பிள்ளைக்கு இரண்டும் இருக்கும். கீழ்க்கோடு மட்டும் இருந்தால் அப்பன் வரவே இல்லை, ஆத்தாள் தானாகவே பெற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

என் பூக்கள் முப்பத்தொன்பதில் அப்பன் வரவில்லை என்றது கதவில் இருந்த தாள்.

நான் நம்பவில்லை. ஒவ்வொரு பூவிலும் ஆறு எண்ணாமல் நான் உறை மாட்டியதில்லை. வாய்விட்டு எண்ணுவேன், அதற்கும் ஓர்ப்படி கிண்டல் செய்வாள். எனக்குத் தெரிந்தவரை கண் தப்புவது அவளுக்குத்தான். ஊசியில் நூல் கோர்க்க இரண்டு வருடமாகத் தன் மகளைக் கூப்பிடுகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வாசலில் கோட்டுக்காரர் கை நீட்டி மறித்தார்.

“சேத்துக் காலோட உள்ள வராத.”

“காலைக் கழுவிட்டேன். படத்தைக் காட்டுங்க.”

“உனக்கு என்ன புரியும் அதுல?”

“ஒரு கோடு, ரெண்டு கோடு. எண்ணத் தெரியும். தட்டுல இலை போட்டவளே நான்தான்.”

அது உண்மை. தொண்ணூற்றாறு குழி உள்ள வெள்ளைத் தட்டு அது. மேலிருந்து கீழாக ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. எந்தச் செடியின் இலை எந்தக் குழியில் என்று பட்டியல் இருக்கும். ஆட்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. நாற்பத்திரண்டு வயதில், தொழிலாளர்களுக்கு நடந்த வகுப்பில், மருந்து டப்பாவின் பெயர்களைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் எனக்கு எட்டே எழுத்துதான் தெரியும். அந்த எட்டும் இந்தத் தட்டு கொடுத்தது.

திரையில் படத்தைப் போட்டார். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், கொசுவலைக் கிழிசல் மாதிரி. முதல் இடத்திலேயே என் கண் நின்றது.

“ஏ ஒண்ணு காலியா இருக்கு.”

“இலை கெட்டுப்போயிருக்கும். நீ சரியா வைக்கல.”

“கடைசி? எச் பன்னெண்டு? அதை எப்பவும் காலியாதான் விடுவோம். அதுல ரெண்டு கோடு நிக்குது.”

“பக்கத்துக் குழியில இருந்து தெறிச்சிருக்கும். அதெல்லாம் சகஜம். இடத்தைக் காலி பண்ணு.”

“தட்டைத் திருப்பி வச்சிட்டீங்க.” என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. “தலையைக் கால் பக்கம் வச்சிட்டு என் கையில பழியைப் போடறீங்க. முதல் குழி கடைசியாயிடுச்சு. கடைசி முதலாயிடுச்சு. அவளோட செடியெல்லாம் என் பேர்ல, என் செடியெல்லாம் அவ பேர்ல.”

அவர் முகம் சிவந்தது. “இருபது வருஷமா இதைச் செய்யறேன். களை பிடுங்கறவ வந்து எனக்குச் சொல்லித்தரியா?” குளிர்ப்பெட்டியைத் திறந்து, மிச்ச இலைத்துண்டுகளோடு இருந்த தட்டை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தார். “நீயே பாரு. ஏ எங்க இருக்கு, நான் எங்க வச்சேன்னு நீயே பாரு.”

பார்த்தேன்.

பழைய தட்டுகளில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அந்த மூலையில்தான் ஏ ஒன்று. நாங்கள் அதை வெட்டு மூலை என்போம். ஈரக்கையோடு, பனிப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிரப்பும்போது யாரும் எழுத்தைத் தேடமாட்டோம். கட்டைவிரல் வெட்டு மூலையைத் தடவிக் கண்டுபிடித்துவிடும், அங்கிருந்து ஆரம்பிப்போம். இது புதுப்பெட்டித் தட்டு. இதில் வெட்டு எச் பன்னிரண்டில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே எழுந்திருந்த ஏ, வெட்டாத எதிர்மூலையில், அரிசிமணி அளவில், தேய்ந்த நகம் மாதிரி கிடந்தது.

அவர் தட்டைத் திருப்பி வைக்கவில்லை. நான் திருப்பிப் பிடித்து நிரப்பியிருக்கிறேன்.

எழுத்துத் தெரியாத என் ஓர்ப்படி நிரப்பியிருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பாள். எழுத்துத் தெரிந்த நான் எழுத்தைப் பார்க்காமல் விரலை நம்பினேன்.

“என்ன, வாய் அடைச்சிடுச்சா?” என்றார் கோட்டுக்காரர். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. தட்டு சரியாக இருக்கிறது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு திரும்பினால், கை கெட்டவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். என் நல்ல செடிகள் மண்ணுக்கு அடியில் போகும், இரண்டு பருவத்து முதுகுவலி குப்பைக்குப் போகும். வாயைத் திறந்தால் எழுத்தம்மா என்று இளித்தவர்கள் எல்லோருக்கும் விருந்து. அதோடு, நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

யாரும் நம்பவில்லைதான். டாக்டரின் அறையில் நான் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஓர்ப்படியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

“அப்ப இவங்க செடிதான் தோத்துப்போச்சு, உன்னுது ஜெயிச்சுடுச்சு. ரொம்ப வசதியான தப்பா இருக்கே” என்றார் என்னிடம்.

“வசதிக்கு யாராவது தன் தலையில தானே மண்ணைப் போட்டுப்பாங்களா, டாக்டர்?”

“பொறாமை சார்” என்றாள் ஓர்ப்படி. “என் வீட்டுல பல்பு மாத்தினாக்கூட இவளுக்குத் தூக்கம் வராது.”

“பல்பு மாத்தியும் உனக்குக் கண்ணு தெரியலையே அக்கா.”

அவள் என் பக்கம் ஓர் அடி வைத்தாள். டாக்டர் மேசையைத் தட்டினார்.

“மூலை மாறினதை ஏன் யாரும் இவங்ககிட்ட சொல்லல?” என்று கோட்டுக்காரரைக் கேட்டார்.

“ஏ-ன்னு எழுதியிருக்கு சார். அதுக்கு மேல என்ன சொல்றது?”

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, ஆனால் சொன்னதில் தப்பில்லை.

“நாலே செடி மறுபடி பாருங்க” என்றேன். “என்னுது ரெண்டு, அவளுது ரெண்டு. இலையை அக்காவே கிள்ளட்டும். தட்டை நான் தொடல.”

“நாலு செடிக்காக மறுபடி எல்லாத்தையும் கரைக்கணும்” என்று முணுமுணுத்தார் கோட்டுக்காரர். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

ஓர்ப்படிதான் இலை கிள்ளினாள். தன்னுடையதில் இருப்பதிலேயே தளதளவென்று நின்ற இரண்டைத் தேர்ந்தெடுத்தாள், என்னுடையதில் சோனியான இரண்டை. செழிப்பைப் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் படம் வந்தது. என்னுடைய இரண்டு சோனிகளுக்கும் இரட்டைக் கோடு. அவளுடைய தளதளப்புகள் இரண்டுக்கும் கீழ்க்கோடு மட்டும்.

டாக்டர் பழைய படத்தையும் தலைகீழாகத் திருப்பி எண்ணிப் பார்த்தார். எனக்கு நாற்பத்து நான்கு. அவளுக்கு ஒன்பது.

“ஒருத்திக்குப் பூ தெரியல, இன்னொருத்திக்கு எழுத்துத் தெரியல” என்றார். “உங்களை வச்சுக்கிட்டு நான் வெள்ளத்தை ஜெயிக்கணும்.”

கோட்டுக்காரர் சிரித்தார். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவர் சிரித்ததில் ஓர்ப்படியும் நானும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தோம். பதினாறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பதிவேட்டில் முடிவைத் திருத்த ஒரு விளக்கக் கடிதம் வேண்டுமாம். கோட்டுக்காரர் தட்டச்சு செய்து கொண்டுவந்து, மையொற்றும் டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலுக்கு. அந்த டப்பாவை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தாளை எடுத்து விரல் வைத்துப் படித்தேன். மூவரும் காத்திருந்தார்கள். எனக்கு நேரமாகும். ஆகட்டும் என்று படித்தேன்.

“எழுத்துத் தெரியாத தொழிலாளி ஒருவர் மாதிரித் தட்டைத் தலைகீழாக நிரப்பியதால் நேர்ந்த பிழை.”

“இதுல கையெழுத்துப் போடமாட்டேன்.”

“தப்பு உன்னுதுன்னு நீதானே சொன்னே?” என்றார் டாக்டர்.

“தப்பு என்னுதுதான். இந்த வார்த்தை என்னுது இல்ல. ‘தெரியாத’ன்னு போட்டிருக்கீங்க. எழுத்துத் தெரியும். பாக்கல. ‘எழுத்தைப் பார்க்காத’ன்னு மாத்துங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்மா.”

“தெரியாதவளுக்கு மன்னிப்பு உண்டு டாக்டர். பாக்காதவளுக்குக் கிடையாது. எனக்கு ரெண்டாவதே இருக்கட்டும்.”

ஓர்ப்படி, “வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசறா பாரு” என்று சுவரிடம் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்து, மேலே நான் சொன்னதை எழுதினார். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது. கிழிசலுக்குக் கீழே என் பெயரை, எழுத்தெழுத்தாகப் பார்த்து, போட்டேன். வகுப்பு முடிந்து ஆறு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட முதல் அலுவலகத் தாள் என் பிழைக்கான தாள்.

அடுத்த பருவத்துக்கு வலைக்கூடம் எனக்கு. தட்டைத் தொடக் கூடாது. இலை நிரப்ப வேறு ஆள் வரும். ஓர்ப்படிக்குக் களை.

மறுநாள் காலை, அவளுடைய தேறாத முப்பத்தெட்டுச் செடிகளையும் பிடுங்க அவளையே விட்டார்கள். அட்டை எண் படிக்க என்னை. அவள் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், பிறகு பிடுங்க வேண்டும். முதல் செடியின் அட்டையை அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் எதற்குப் பார்க்கிறாள்? தூரத்தில் வைத்தும் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு விட்டுவிட்டாள்.

“இ ஒண்ணு” என்றேன்.

“சத்தமாப் படி எழுத்தம்மா. நேத்து உன் சத்தம் ஊரெல்லாம் கேட்டுதே.”

பட்டியலில் இருந்த எழுத்தையும் அட்டையில் இருந்த எழுத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். நான் அவசரப்படவில்லை.

“இ ஒண்ணு” என்று சத்தமாகச் சொன்னேன். “பிடுங்கு அக்கா.”