பட்டியலில் இல்லாத டப்பா

ஊற்றுக்குள் கைவிட்டு அல்போன்சா அந்த எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயின. ஆகஸ்ட் கடைசி. அமெரிக்காவில், சியரா மலையின் இந்தச் சரிவில் பேருக்குக்கூடப் பனி இல்லை, பார்ப்பவருக்கு வெறும் கல் குவியல். ஆனால் கற்களுக்கு அடியில், மரத்தூள் மூடிய ஐஸ்கட்டி மாதிரி, பழைய பனி கிடக்கிறது. கோடையில் கீழே ஓடை வற்றாமலிருப்பது அதன் தயவு. இன்னும் எத்தனை நாளைக்கு என்பதைத் தெரிந்துகொள்ளத்தான், ஓட்டை போட்ட இந்த டப்பாவுக்குள் இருந்த கருவி எட்டு வருஷமாக மணிக்கொரு தரம் தண்ணீரின் குளிரைப் பதிந்துகொண்டிருந்தது.

போன மாதம், அவள் வேலை பார்க்கும் நீர் ஆய்வு அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. திட்டம் முடிந்தது, கருவிகளைத் திருப்பிக் கொண்டுவரவும். எட்டு வருஷத்துக்கு இரண்டு வரி! பத்து வருஷமாவது பதிந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும், நடுவில் விட்டால் எல்லாம் பாழ் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். கல்லைப் பார்க்கவா இத்தனை பேர் என்று மேலிடத்தில் யாரோ கேட்டாராம். அவர் வீட்டுக் குழாயில் எங்கிருந்து தண்ணீர் வருகிறதென்று நினைத்தாரோ.

கருவியை எடுத்துப் பையில் போட்டுப் பட்டியலில் டிக் அடித்தாள். டப்பா பட்டியலில் இல்லை. அது அவள் கல்யாணச் சீர். மாப்பிள்ளை அமெரிக்கா என்பதால் அப்பா மூடியில் அவள் பெயரை இங்கிலீஷில் வெட்டச் சொல்லியிருந்தார். கோட்டுப் பையிலிருந்து, தானே வாங்கிவந்த புதுக் கருவியை எடுத்து அதற்குள் வைத்தாள்.

வீடிருக்கும் லிவர்மோரிலிருந்து கார் ஓட்டி, மூச்சிரைக்க மலையும் ஏறிவந்த கணவன் சாந்தகுமார் அதைப் பார்த்துவிட்டான்.

"ப்ராஜெக்ட்டைத்தான் க்ளோஸ் பண்ணிட்டாங்களே, அல்போன்சா. யாருக்கு ரிப்போர்ட் பண்ணப்போற?"

"ப்ராஜெக்ட்டைத்தாங்க க்ளோஸ் பண்ணாங்க. தண்ணிய க்ளோஸ் பண்ணலையே."

"ஆபீஸ்ல தெரிஞ்சா? க்ரீன் கார்டு இன்னும் பென்டிங்ல இருக்கு. வேலை போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவளுக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "இங்க கருவி வைக்கிற பர்மிட் என் பேர்ல இருக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. கேக்கட்டும், பதில் சொல்றேன்."

அவன் ஷூவைக் கழற்றினான். பேன்ட்டைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தவன் "ஐயோ ஏசுவே!" என்று அலறினான். பிறகு குனிந்து ஊற்றின் வாயில் கிடந்த பெரிய கல்லை அவளுக்காகத் தூக்கிப் பிடித்தான். அவள் டப்பாவை அடியில் செருகினாள். மூடி மட்டும் வெளியே தெரிந்தது.

"பேரு மேல தெரியுது பாரு. திருப்பி வச்சிடு."

"தெரியட்டும்."

அவன் கல்லை மெல்ல இறக்கினான். கலங்கிய தண்ணீர் தெளிந்து, வெட்டிய எழுத்துகளின் மேல் ஓடத் தொடங்கியது.