ஒன்று, நான்கு, ஐந்து

நாஷ்வில் நகரின் தெற்கே, நாடகக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த தேவாலயக் கூடத்தின் நடையில், டெல்ஃபா ஸ்டைல்ஸ் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வயலின், சட்டையில் முப்பத்தொன்று என்று ஒட்டிய சீட்டு. தேர்வுக்கு வந்த மற்றவர்கள் ஆளாளுக்கு ஒரு சுருதியில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாட்டுப்புறப் பாட்டு நாடகம் அது. மேடைக்குக் கீழே தனி வாத்தியக் குழு கிடையாது. சமையல்காரியாக வருபவளே இரண்டாம் காட்சியில் வயலினை எடுத்துக்கொள்வாள். தபால்காரன் பையை வைத்துவிட்டு கிட்டாரைத் தூக்குவான். பன்னிரண்டு சம்பளத்தில் இருபத்துநாலு பேர் வேலை நடந்துவிடும். ஓராண்டு ஊர் ஊராகப் பயணம். மூன்று மாதம் கழிந்தால் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு. டெல்ஃபா அதற்காகத்தான் வந்திருந்தாள். கூரை வேலையில் விழுந்த அவள் கணவன் வெர்லின், ஏழு மாதமாகத் தரையில் மெத்தை போட்டு ஒரே பக்கமாகப் படுத்திருந்தான். காப்பீடு இல்லாதவனுக்கு முதுகு அறுவைக்குத் தேதி கிடைக்கவில்லை.

"மூணாவது தடவையா கூப்பிட்டிருக்காங்க. உனக்குத்தான் இந்த வேலை" என்றான் பக்கத்திலிருந்த மாண்டலின்காரன் வெண்டல். "நாலு வரி வசனம். ஒரு பீர் உள்ள போனா நானே பேசிருவேன்."

"பீர் போனா உன்ன நிறுத்தறதுதான் கஷ்டம்."

எதிரே நின்ற இளம்பெண் சிரித்தாள். பெயர் பிரின்லி. நியூயார்க்கில் நடிப்புப் படித்தவள். வயலின் எடுத்து எட்டு வாரம்தான் ஆகிறது. கையிலிருந்த தாளை நீட்டினாள்.

"மேடம், இது என்ன, போன் நம்பரா?"

தாளில் வெறும் எண்கள். நாஷ்வில்லில் இப்படித்தான் எழுதுவார்கள். பாட்டின் ஆதார சுரத்துக்கு எண் ஒன்று. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் நான்கு, ஐந்து. பாடகருக்குத் தொண்டை கட்டிச் சுருதியை இறக்கினாலும் தாளை மாற்ற வேண்டாம். ஒன்று எங்கே என்று தெரிந்தால் மற்றவை தாமாக நகர்ந்துகொள்ளும்.

"ஒண்ணுதான் வீடு, கண்ணு. நாலு பக்கத்துத் தெரு. அஞ்சுல போய் நின்னேன்னா, வீட்டுக்குத் திரும்பணும்னு காதே இழுக்கும்."

"நடுவுல வழி தப்பிட்டா?"

"என் வாயப் பாரு. நம்பரச் சொல்லிக்கிட்டே வாசிப்பேன்."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்: ஆள் தேர்வு செய்யும் ஹாலிஸ், இயக்குநர் அம்மாள், இசைக்குப் பொறுப்பான ஒருவர். டெல்ஃபா, பிரின்லி, வெண்டல் மூவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். முதல் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் பிரின்லி தாளத்தில் இரண்டு தட்டு முந்திவிட்டாள்.

இருபத்திரண்டு வருடம் மதுக்கடை மேடைகளில், குடித்துவிட்டு ஏறிப் பாடுகிறவர்களுக்கெல்லாம் வாசித்தவள் டெல்ஃபா. அங்கே பாடுகிறவர் தப்பினால் வாத்தியமும் கூடவே தப்பிவிட வேண்டும். அப்போதுதான் தப்பே தெரியாது. யோசிப்பதற்கு முன்பே அவள் மணிக்கட்டு அந்த இரண்டு தட்டையும் தாண்டி பிரின்லியோடு போய் இறங்கியது. கண்ணைக் காட்டினாள், வெண்டலும் வந்து சேர்ந்தான். பிரின்லியின் வில் வழுக்கிய இடங்களில் அதே மெட்டை அடியில் அழுத்தி இழுத்தாள். பாட்டு முடிந்தபோது இயக்குநர் அம்மாளின் கண் பிரின்லியின் மேல்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணு எப்படி எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போறா பாத்தீங்களா?"

அரை மணி கழித்து ஹாலிஸ் நடைக்கு வந்து டெல்ஃபாவை ஓரமாக அழைத்தான்.

"வாசிச்சது யாருன்னு எனக்குத் தெரியும், டெல்ஃபா."

"அத அந்தம்மாகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். அவங்களுக்கு முகம் வேணுமாம். போஸ்டர்ல முகம்தானே தெரியும்."

வேகமான இரண்டு மெட்டுகளை இன்றே பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டான். மேடையில் அந்தப் பதிவு ஒலிக்கும், பிரின்லி வாசிப்பதுபோல் கை அசைப்பாள். ஒரு பிற்பகல் வேலை, கையோடு கூலி.

"காப்பீடு?"

"அது மேடையில நிக்கிறவங்களுக்கு மட்டும்."

"துணி மடிக்கிறேன். திரை இழுக்கிறேன். கூட வர்ற மாதிரி எதாவது…"

"அதுக்கெல்லாம் ஆள் எடுத்தாச்சு."

வீட்டில் வலி மாத்திரை நாலு மிச்சம் இருந்தது. டெல்ஃபா கையெழுத்துப் போட்டாள்.

பதிவு முடிய நாலு மணி ஆயிற்று. பிறகு இன்னொரு சின்ன வேலை சொன்னார்கள்: பிரின்லியின் வில்லில் சத்தம் வராமல் செய்ய வேண்டும். வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி. அதில் பிசின் தூள் இருந்தால்தான் அது கம்பியைப் பற்றி அதிர வைக்கும். டெல்ஃபா பெண்கள் கழிப்பறையில் கை கழுவும் தொட்டியில் முடியைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, சோப்புக் கட்டியை நுனியிலிருந்து அடிவரை தேய்த்தாள்.

"நீங்க நம்பரச் சொல்லிக் குடுக்கலன்னா எனக்குக் கிடைச்சே இருக்காது, மேடம்" என்றாள் பிரின்லி.

"இப்ப இழுத்துப் பாரு."

பிரின்லி அலைபேசியில் பதிவைப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் வயலினைத் தூக்கினாள். டெல்ஃபா வாசித்த மெட்டு குழாய்களிலும் ஓடுகளிலும் பட்டுத் தெறித்தது. பிரின்லியின் வில் கம்பி மேல் ஓசையில்லாமல் ஓடியது.

"முழங்கைய இன்னும் கொஞ்சம் தூக்கு, கண்ணு."

பிரின்லி தூக்கினாள். கண்ணாடியில் அவள் கை முழுவதும் தெரிவதற்காக, டெல்ஃபா சோப்புக் கையோடு ஓரடி விலகிச் சுவரோரம் நின்றாள்.