கணக்கில் வராத சாவு

உறைந்த ஏரியில், குளிப்பதற்காக வெட்டிவைத்த குழியின் மேல் புதுப் பனிக்கட்டி பிடித்திருந்தது. ஆர்வோ கோடரியின் பின்பக்கத்தால் அதை உடைத்துக்கொண்டிருந்தார். கரையில், நீராவிக் குளியல் அறையான சவுனாவின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போனது. சனிக்கிழமை. இந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் சனிக்கிழமை சவுனா மூட்டப்படும். ரைலியின் மகன் எலியாஸ் செத்த வாரமும் மூட்டினார்கள்.

ரைலி காரிலிருந்து இறங்கி நேராகக் குழியை நோக்கி நடந்தாள்.

"மூடு, ஆர்வோ."

"எதை?"

"குழியை. கைஸா இன்னிக்கு இறங்கக் கூடாது."

ஆர்வோ அவள் கணவன் வெய்க்கோவின் அண்ணன். எழுபது வயது. சிரித்தார். "உன் மக நடக்கக் கத்துக்கிட்ட வருஷமே இறங்கினவ. நீதான் கல்யாணம் ஆகியும் ரொம்ப நாள் கரையிலயே நின்னே. டவுன்காரி."

"வெய்க்கோ உங்கிட்ட சொல்லலையா?"

"என்னமோ ரத்தம், ஜீன்னான். எனக்குப் புரியல. அவனுக்கே புரிஞ்ச மாதிரி தெரியல."

ரைலிக்குப் புரிந்திருந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னாள். பிரேதப் பரிசோதனையில் எடுத்துவைத்த எலியாஸின் ரத்தத்தில் ஒரு ஜீன் பழுதாக இருந்தது. அதே பழுது வெய்க்கோவிடமும் இருக்கிறது. மூளையிலும் இதயத்திலும் மின்சாரம் ஒழுங்காக ஓடுவதற்கான ஜீன் அது. அது கெட்டால் வலிப்பு வரலாம். இதயம் தாளம் தவறி நின்றும் போகலாம். ஓடும்போது, நீந்தும்போது, சிலருக்குத் தூக்கத்தில். கைஸாவுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கும்வரை குளிர்ந்த தண்ணீரில் குதிக்க வேண்டாம்.

கைஸா ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டாள்.

எலியாஸ் முதலில் விழுந்தது இந்த ஏரியில்தான். பதினைந்து வயது. சவுனாவிலிருந்து ஓடிவந்து குதித்தவனைக் கட்டைபோல் இழுத்துப் போட்டார்கள். வலிப்பு என்றார் நரம்பு டாக்டர். மாத்திரை கொடுத்தார். கார் ஓட்டாதே, தனியாகக் குளிக்காதே, நன்றாகத் தூங்கு என்றார். எலியாஸ் எல்லாவற்றையும் கேட்டான். நன்றாகத் தூங்கவும் செய்தான். ஒரு காலையில் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கவில்லை.

அத்தனை வருடத்தில் அந்த டாக்டர் ஒரு தடவைகூட, வலிப்பு உள்ளவர்கள் இப்படிச் சாவதுண்டு என்று சொன்னதில்லை. ரைலி போய்க் கேட்டாள்.

"அபூர்வமாத்தான் நடக்கும். உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு நெனைச்சோம்."

அவர் மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்துச் சுவரில் எறிந்தாள். கனமில்லாத பெட்டி. சத்தமே வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் கையில் இருந்தது.

நேற்று அதன் மேல் இன்னொன்று சேர்ந்தது. தொலைபேசிப் பெண், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். நரம்பு டாக்டரும் முதல் நாளே கேட்ட கேள்விதான். அன்று வெய்க்கோ யோசிக்காமல் "இல்லை" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து ரைலியும் தலையாட்டினாள். நேற்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வெளியே வரவில்லை.

"உங்கப்பா எப்படிச் செத்தார், ஆர்வோ?"

"தெரியாத மாதிரி கேக்குறே. சவுனாவுல போனார். ராஜா மாதிரி. குளிச்சு, சுத்தமா, சனிக்கிழமை பாத்து."

"வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"நாள் பூரா மரம் வெட்டுற ஆளு. சவுனாலேர்ந்து ஓடிவந்து தண்ணியில குதிச்சாரு, மேல வரல. அதுக்குப் பேரு என்ன?"

"சூட்டுலேர்ந்து குளிருக்குப் போனா சில பேருக்குத் தாங்காது."

"உங்க அத்தை? அவளும் இந்த ஏரியிலதானே போனா?"

"அவ குண்டு. அவளைத் தாங்கினது ஏரிதான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

ரைலி சிரிக்கவில்லை. "வெய்க்கோ சின்ன வயசுல விழுந்தானா?"

ஆர்வோ கோடரியை மாற்றிப் பிடித்தார். "எல்லாப் பசங்களும் விழுவாங்க. பனியில ரெண்டு பொரட்டு பொரட்டுவோம். எழுந்துடுவாங்க."

"நீ விழுந்தியா?"

"நான் ஏன் விழுறேன்?" நிமிர்ந்து நின்றார். "எனக்கு ஒடம்பு அப்படி."

"உனக்கு அந்த ஜீன் வந்து சேரல. அவ்வளவுதான். ஒடம்பாம்! உங்கப்பனும் அந்தக் குளிர்லதான் வளர்ந்தான். செத்துப்போனவங்களை வெச்சு காபி குடிச்சுக்கிட்டே கதை சொன்னீங்க, வருஷக்கணக்கா. ராஜா மாதிரி போனார், ராஜா மாதிரி போனார்னு. ஒருத்தனாவது அதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சவுனாவுல போறதையெல்லாம் யாராவது டாக்டர்கிட்ட சொல்வாங்களா?" ஆர்வோ உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார்.

சவுனாக் கதவு திறந்தது. கைஸா நீச்சலுடையில் வெறுங்காலோடு பனியில் ஓடிவந்தாள். உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

ரைலி பலகை மூடியைக் குழியின் மேல் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா. எழுந்திரு."

"ரத்தம் குடு. அப்புறம் குதி."

"தெரிஞ்சு என்ன பண்றது? அவன் எழுந்து வரப்போறானா?"

"மாத்திரை இருக்கு. இதயத்துக்கு. அவனுக்குக் குடுத்தது மூளைக்கு. ஒருத்தன்கூட அவன் நெஞ்சுல ஒரு வயரை ஒட்டிப் பாக்கல. இருபத்திமூணு வயசு வரைக்கும் ஒருத்தனும் பாக்கல."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. போன கோடையில ஒரு தடவை தலை சுத்துச்சு. படகுத்துறையில விழுந்தேன். அது சூட்டுல."

ஆர்வோ கோடரியைக் கீழே வைத்தார்.

"சூட்டுல," என்றாள் ரைலி. "கேட்டியா, வெய்க்கோ? சூட்டுலயாம்."

வெய்க்கோ சவுனா வாசலில் துண்டோடு நின்றிருந்தான். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க," என்றான்.

"டேய், பொம்பளைங்க கத்துறாங்கன்னு நீயும்…"

"வாயை மூடு, ஆர்வோ." வெய்க்கோ அண்ணனிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பிறகு மனைவியைப் பார்த்தான். "டாக்டர் கேட்டப்ப நான்தான் இல்லன்னு சொன்னேன்."

"ஆமா. சொன்னே."

பரவாயில்லை என்று சொல்வாள் என அவன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

கைஸா பனியை இரண்டு கையிலும் அள்ளித் தன் தோளிலும் முகத்திலும் தேய்த்தாள். மிச்சத்தை அம்மாவின் மடியில் வீசினாள். "கெழவி. இந்த ஏரி என்ன உன் அப்பன் வீட்டுதா?" திரும்பி ஓடினாள். அப்பாவை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அறைந்தது.

உள்ளே திட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவை, அப்பாவை, தாத்தாவை, டாக்டரை, கடைசியில் எலியாஸை. "திங்கட்கிழமை குத்துங்க! எத்தனை ஊசி வேணும்னாலும் குத்துங்க! போதுமா?"

பிறகு சத்தம் நின்றது.

ரைலி பலகையிலிருந்து எழுந்தாள். வெய்க்கோ கதவில் கை வைத்தான்.

உள்ளே அடுப்பில் சூடேறிய கல்லின் மேல் தண்ணீர் விழுந்து சீறியது. "கதவைத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்!"

ரைலி மறுபடி உட்கார்ந்தாள். திட்டு தொடர்ந்தது. ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.