நாலு விரல் தண்ணீர்

எங்கள் அளவு நிலையம் எல்லைக் கல்லை ஒட்டி இருக்கிறது. ஒரே அறைதான். மேல் மாநிலத்துக்கு ஒரு மேஜை, கீழ் மாநிலத்துக்கு ஒரு மேஜை, ரெண்டுக்கும் பொதுவாக ஓடாத மின்விசிறி ஒன்று. தினமும் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து நாற்பத்தோரு படி இறங்க வேண்டும். ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைக் கண்ணால் பார்த்து அவரவர் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு நோட்டிலும் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் அப்படி. அந்த அளவு குறைந்தால் மேலே இருக்கும் அணையிலிருந்து மேல் மாநிலத்துக்காரர்கள் கூடுதலாகத் திறந்துவிட்டே ஆக வேண்டும்.

மேல் மாநிலத்துக்காரருக்கு அலுவலகத்தில் சோடாபுட்டி என்று பெயர். கண்ணாடி அவ்வளவு தடிமன். கீழ் மாநிலத்து ஆளான நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முட்டித் தேய்மானம் வந்து படி இறங்க முடியாமல் போனதும், "நீங்க மேலயே இருங்கண்ணே, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். அன்று நல்ல மனதோடுதான் சொன்னேன். ஆறு வருடமாக நான் கீழே இருந்து கத்துவேன், அவர் தன் நோட்டில் எழுதுவார், நான் ஏறி வந்து என் நோட்டில் எழுதுவேன். விதிப்படி இது தப்பு. ஆனால் இரண்டு மாநிலத்து மந்திரிகளும் மேடைக்கு மேடை சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் அறையில் மட்டும் ஒரு நாளும் வாக்குவாதம் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்த வருடம் மழை பொய்த்தது. கடைமடையில் என் மச்சான் வயல் வெடித்துக் கிடந்தது. அக்கா தினமும் போன் செய்து அழுதாள். அப்போதுதான் எங்கள் பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டளை என்று எதுவும் போடவில்லை. "நாலு விரல் தண்ணி. அங்க அணையில அது ஒரு சொட்டு. இங்க ஊரே பொழைச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கோலில் மீட்டர் கணக்கில் ஒன்று நாற்பத்திரண்டு இருந்தது. நான் வாய் கூசாமல் நாலு விரல் குறைத்து ஒன்று முப்பத்து நாலு என்று கத்தினேன். மேலே அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். பதினோரு நாள் இப்படியே நடந்தது. அணையில் கூடுதலாகத் திறந்தார்கள். மச்சான் வயலில் தண்ணீர் பாய்ந்தது, அக்கா சிரித்தாள். மேல் மாநிலத்து வயலெல்லாம் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

பன்னிரண்டாம் நாள் மேல் மாநிலத்து அதிகாரி அளவுக் கருவியோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். குட்டு வெளிப்பட்டது. அன்று மாலையே கூட்ட அறையில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பொறியாளர் தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி அளவு பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்றார்.

"நான்தாங்க. இவரு மேல இருந்து நான் சொன்னத எழுதுனாரு. எனக்குத்தான் கண்ணு மங்கிடுச்சு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த மனிதர் நாற்பத்தோரு படி இறங்கினார் என்பதை அந்த அறையில் ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை. அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியே சாட்சி ஆகிவிட்டது. அவர் சொல்வது உண்மையா என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒரே ஒரு சொல். அதைச் சொன்ன நாக்கோடுதான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கையில் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள், தண்டனை என்று எழுதியே. வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"எனக்கு என்னப்பா, போற காலம். உனக்கு இன்னும் சர்வீஸ் கெடக்கு. நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் கண்ணு தகராறு பண்ணும். அத நீ கவனிக்கல, அவ்வளவுதான். மொதல்ல போயி கண்ணைக் காட்டு."

தெரிந்துகொண்டே காப்பாற்றியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவருக்கு நான் பொய் சொல்லியிருப்பேன் என்று தோன்றவே இல்லை. அவர் கண்ணுக்குப் பார்த்த மருத்துவரிடம் எனக்கும் நேரம் வாங்கி, சீட்டை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

போனேன். இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை பளிச்சென்று தெரிந்தது. கண்ணில் கோளாறில்லை என்று ஆகிவிட்டால் அவரிடம் என்ன சொல்வது? மூன்றாவது வரியிலேயே தடுமாறினேன். நாலாவது வரியைத் தப்புத் தப்பாகப் படித்தேன். பொய்யாக அளவு சொல்வது எனக்குத்தான் பழக்கமாயிற்றே. கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, அண்ணன் தன் குடையையும் முதுகுக்கு வைக்கும் திண்டையும் எடுத்துப் போக வந்தார். எட்டு மணி ஆகப் போகிறது. அவர் இடத்துக்கு வந்த அம்மா விதி தவறாதவர். தினமும் என் பின்னாலேயே இறங்கி, குனிந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார். அந்த மூன்று வாரமும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அண்ணன் என் முகத்தில் கண்ணாடியைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"நான் அப்பவே சொல்லல? மேடம், நீங்க எதுக்கு அந்தப் பாசிப் படியில எறங்குறீங்க? தம்பிக்கு இருந்த ஒரே கொறை கண்ணு. அதுவும் சரியாயிடுச்சு. இனிமே இவர் சொல்ற நம்பரை நம்பி எழுதலாம்."

அந்த அம்மா படிகளைப் பார்த்தார், வயதான மனிதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

நான் தனியாக இறங்கினேன். கண்ணாடி வழியாகப் படியெல்லாம் அலைந்தது. கோலில் எண்கள் கலங்கித் தெரிந்தன, ஒன்றும் பிடிபடவில்லை. எவ்வளவு என்று மேலிருந்து அந்த அம்மா கேட்டார். பக்கத்தில் அண்ணன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணாடியைக் கழற்றி, அளவைப் பார்த்தேன்.