வெட்டிய இடைவெளிகள்

என் கொழுந்தனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. எனது பேச்சுப் பயிற்சி நிலையத்தின் சமூக ஊடகப் பக்கத்தை அவன் கையில் கொடுத்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான். "ரீல்ஸா, படமா, லைவா? சீக்கிரம் சொல்லுங்க அண்ணி" என்று பல் துலக்கும் நேரத்திலேயே உயிரை வாங்குவான்.

இந்த முறை விஷயம் ஓர் எலக்ட்ரீஷியனுடையது. என்னிடம் பயிற்சிக்கு வருபவர். வேலையில் கெட்டிக்காரர், பேச்சு மட்டும் திக்கும். போனில் முதல் சொல் வெளியே வருவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார். "நான் பேசி முடிக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும் மேடம். இதுவும் சரிப்படலன்னா கடையை மூடிட்டு எங்கயாவது வாயைத் திறக்க வேண்டாத வேலைக்குப் போயிடறேன்" என்றார். அவர் இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

"எழுதி, படமாப் போட்டுடலாமா?" என்றேன்.

"நின்னு யாரு படிக்கறா அண்ணி? தள்ளிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. ரீல்ஸ்தான்."

எலக்ட்ரீஷியன் இஸ்திரி போட்ட சட்டையில் கேமரா முன் நின்றார். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடாமல் பேசி முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரீல் வெளியான பிறகுதான் பார்த்தேன். "எனக்குப் பேச்சு திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று மனிதர் தங்குதடையில்லாமல் பொழிந்துகொண்டிருந்தார். திக்கல் ஒன்றுகூட மிச்சமில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"எடிட் பண்றப்ப சைலன்ஸைப் பாத்தா கை தானா வெட்டிடுது அண்ணி" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து உட்கார்ந்தார். ரீலைப் பார்த்து யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் அழைப்பை எங்களுக்கும் கேட்கும்படி எடுத்தார்.

"வ... வ..."

"நீங்க யாருங்க? அந்த வீடியோல பேசினாரே, அவர்கிட்ட குடுங்க" என்றது ஒரு பெண் குரல். உடனே வைத்தும்விட்டது.

எலக்ட்ரீஷியன் கொழுந்தனைப் பார்த்தார். "அ... அந்த ஆளை எனக்கே தெரியாது தம்பி."

கொழுந்தன் முகம் செத்துவிட்டது. ரீலை நீக்கினான். "லைவ் போலாம்ணே. அதுல நான் கை வைக்க முடியாது."

அங்கேயே ஆரம்பித்தார்கள். 'வணக்கம்' தொண்டையிலேயே நின்றது. பார்ப்பவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். கொழுந்தனின் கால் ஆடிக்கொண்டே இருந்தது, நான் அதை அழுத்திப் பிடித்தேன். எனக்கே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்போல நாக்கு துடித்தது. எப்படியோ வந்தது, மற்றதும் பின்னாலேயே வந்தது.

முடிந்த கையோடு போன் அடித்தது. எடுத்தார்.

"வ... வ..."

எதிர்முனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"லைவ் பாத்தேங்க. லைன்லதான் இருக்கேன், சொல்லுங்க" என்றது அதே பெண் குரல்.

எலக்ட்ரீஷியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் பார்க்க முதல் தடவையாக, அவசரமே இல்லாமல் திக்கினார்.