கார்வின் தெருவில் ஒரு காலியிடம்

மில்வாக்கியில் கார்வின் தெரு இப்போது கிடையாது. அது இருந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆனால் ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பழைய ஆட்கள் பூங்காப் புல்வெளியில் கயிறு கட்டி, வீடுகள் நின்ற அதே வரிசையில் கூடாரம் போடுவார்கள். முனையில் ஹோசியாவின் சவரக்கடை, எதிரே தேவாலயம்.

தியோடிஸ் மடித்த கூடாரத்தோடு தூரத்தில் நின்று பார்த்தார். வார்ப்பட ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் உருக்கிய இரும்பு ஊற்றியவர் அவர்.

1962-இல் தெருவே தேவாலயத்தில் கூடி, ஈஸ்டர்வரை யாரும் நெடுஞ்சாலைக்காக வீட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவதில்லை என்று கை தூக்கியது. தியோடிஸும் தூக்கினார். மூன்றாம் வாரமே போட்டுவிட்டார். அவர் வீட்டை இடித்ததும் எலிகள் பக்கத்து வீடுகளுக்குப் படையெடுத்தன. அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அதன்பின் ஒரு வருஷமும் அவர் இங்கே தலைகாட்டியதில்லை.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, மேலெல்லாம் கரிமண்ணோடு தெருவில் நுழைந்தால், ஏழு வீட்டு ஜன்னலிலிருந்து ஏழு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். புது வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

மெல்ல நடந்தார். சவரக்கடை, டோலிவர் வீடு, அடுத்து ஒரு கூடாரம் அளவுக்கு வெறும் புல். ஒரு நாற்காலிகூட யாரும் போடவில்லை. அதற்கப்பால் பழைய பக்கத்து வீட்டு வெர்லீன் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, தியோடிஸா? கையெழுத்துப் போட வேற ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

சவரக்கடைப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"எடத்த காலியா வெச்சிருக்கீங்களே, அக்கா."

"பாசத்துலன்னு நெனச்சுக்காத. பேரப்புள்ளைங்க கேக்கும், இங்க ஏன் யாரும் இல்லைன்னு. வருஷா வருஷம் சொல்லிக்கிட்டிருக்கேன். எலியையும் சேத்துத்தான்."

"எல்லாரும் சொல்றாங்களே, கோரா முழுகாம இருந்தா, அவதான் புருஷன அவசரப்படுத்தினான்னு. அது பொய்யிக்கா. வேண்டாம்னுதான் அழுதா. பணம் கைக்கு வராமப் போயிடுமோன்னு நான்தான் பயந்துட்டேன்."

வெர்லீன் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"கோரா எங்க?"

"மார்ச்சுல போய்ச் சேந்துட்டா."

சவரக்கடையில் ஓடிய ரேடியோவை ஹோசியா அணைத்தார். எண்ணெய் மட்டும் சடசடத்தது. வெர்லீன் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். புல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"போடு. ஆனா அங்க இல்ல. ஒன் வீடு என் வேலிய ஒரு அடி முழுங்கிட்டுத்தான் நின்னுச்சு. உள்ள தள்ளு."

"அது அரையடிதானே அக்கா!"

"வந்த அன்னைக்கே சண்டையா? தள்ளுடா!"

ஹோசியா வந்து ஒரு கம்பைப் பிடித்தார். கூடாரம் எழுந்தது. தியோடிஸ் அதன் நிழலில் உட்கார்ந்தபோது, வெர்லீனின் பேத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"பாட்டி, இது யாரு?"

வெர்லீன் மீன் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தியோடிஸ் பக்கத்துப் புல்லைத் தட்டிக் காட்டினார்.

"நாந்தாம்மா," என்றார், "மொதல்ல கையெழுத்துப் போட்டவன். உக்காரு, சொல்றேன்."